நாற்பத்தாறு வெள்ளிக்கிழமைகள்

அத்தியாயம் பதினேழு

கரண்ட் வரவில்லை என்று புலம்புகிறவர்களைத்தான் ஆம்பூர் பார்த்திருக்கிறது. கரண்ட் கூடுதலாக வந்துவிட்டது என்று ஒரு குடும்பமே தலையில் கை வைத்து உட்கார்ந்தது இந்த வாரம்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை. வைக்கோல் ஏற்றிப் போன லாரி உரசியதில் தெருமுனைக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தது. மூன்று நிமிஷம் ஹை வோல்டேஜ். அந்த மூன்று நிமிஷத்தில் ரோஸ் குடும்பத்தின் ஷூ யூனிட்டில் டியூப் லைட் நாலு, ஃபேன் ஒன்று, யூபிஎஸ், கம்ப்யூட்டர், அதில் சொருகியிருந்த ஹார்ட் டிஸ்க் எல்லாம் கருகின. கம்ப்யூட்டர் போனாலும் ஃபைல் தப்பிக்கட்டும் என்றுதான் அந்த டிஸ்க்கை வாங்கினார்கள். வாங்கி எங்கே வைத்தார்கள்? அதே கம்ப்யூட்டரின் இடுப்பில். அவ்வளவு சாமர்த்தியம்.

அந்த யூனிட்டில் விற்பதற்கு ஷூ தைப்பதில்லை. ஒரு ஷூவுக்கு எந்தெந்தத் தோல் துண்டு வேண்டும், எந்த வடிவத்தில் வெட்டவேண்டும், முப்பத்தாறாம் சைஸுக்கு எவ்வளவு, நாற்பத்திரண்டுக்கு எவ்வளவு என்று வரைந்து ஷூ கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். பேட்டர்ன் என்று பெயர். ஞானமுத்து அட்டையில் வரைந்து தொடங்கிய தொழில். அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. இப்போது லைசென்ஸ் மகன் ஜோவினின் பெயரில் இருக்கிறது. சாவி அவர் மனைவி ரோஸின் இடுப்பில். வரைகிற வேலை முழுக்க மருமகள் இவாஞ்சலின் கையில். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தொழிலைப் பற்றிப் பேசிய நாள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் மூவருமே விழிப்பார்கள்.

கம்ப்யூட்டர் எரிந்த அன்று ரோஸ் அழுதாள். ஜோவின் கருகின ஒயர்களைக் கழற்றினான். இவாஞ்சலின் மட்டும் கலங்கவில்லை.

"அழாதீங்க அத்தை. எல்லாம் கிளவுட்ல இருக்கு," என்றாள்.

போன ஆகஸ்டில் அவள் அடம்பிடித்து வாங்கிய ஏற்பாடு அது. ஃபைல்களின் இன்னொரு பிரதி இன்டர்நெட் வழியாகப் போய், எங்கேயோ தொலைதூரத்தில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர்களில் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். ஆம்பூரில் இடியே விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. மாதாமாதம் இதற்கு ஒரு செலவா என்று வீட்டில் முனகல் எழுந்தபோது, "ஒரு நாளைக்குப் புரியும்" என்று சொல்லி வாயை அடைத்தவள் அவள்தான்.

புதன்கிழமையே திறந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பார்க்கத்தான் நினைத்தாள். "புது கம்ப்யூட்டர் வரட்டும், அப்புறம் எறக்கிக்கலாம். இன்னா அவசரம்?" என்றான் ஜோவின். கரி படிந்த சுவரைத் துடைப்பதிலேயே அந்த நாள் போயிற்று.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு இஷ்தியாக் அகமது கூப்பிட்டார். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றின் புரொடக்‌ஷன் மேனேஜர். நாலு மாதமாக இவாஞ்சலின் வரைந்து, தைக்க வைத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி திருத்தி, போன வாரம்தான் சரக்கு எடுக்கிற வெளிநாட்டு பையரிடம் ஓகே வாங்கிய லேடீஸ் பூட் அவருடைய ஆர்டர்.

"இவாஞ்சலின், ஹை வோல்டேஜ் மேட்டர் கேள்விப்பட்டேன். நம்ம பூட் ஃபைல் சேஃபா?"

"சேஃப் சார். கிளவுட்ல இருக்கு."

"நெஜமாத்தானே? சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு டை கடையில ஃபைல் இருக்கணும். அடுத்த வாரம் கட்டிங். ஜாஸ்தி டைம் கெடையாதும்மா."

தோலை வெட்டுகிற இரும்பு அச்சுக்குத்தான் டை என்று பெயர். ஃபைல் போய்ச் சேர்ந்தால்தான் டை. டை வந்தால்தான் கட்டிங்.

"இன்னிக்கி சாயங்காலமே அனுப்பிடறேன் சார்."

"வரலைன்னா நான் ராணிப்பேட்டை பார்ட்டிகிட்ட குடுத்து பேட்டர்னை மறுபடி போடச் சொல்லணும். அப்புறம் வர்ற சீசன் எல்லாம் அங்கதான் போகும். நான் நெனச்சாலும் திருப்ப முடியாது. அதுக்குத்தான் கேக்கறேன், கோச்சுக்காதம்மா."

"இதுக்குப் போய் கோச்சுப்பேனா சார்?" என்று அவள் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து அன்றைக்கெல்லாம் வெட்கப்படப் போகிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது. யூனிட்டின் முக்கால்வாசி வேலை அந்த ஒரு கம்பெனியிலிருந்து வருகிறது. அது போனால் யூனிட்டுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இது அவளுக்குத் தெரியும், ரோஸுக்கும் தெரியும்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த, பேட்டர்ன் வரையத் தாங்காத பழைய லேப்டாப்பில் கிளவுட் அக்கவுண்டைத் திறந்தாள். பாஸ்வேர்டைப் போட்டாள். ஃபோல்டர் வந்தது. அதன் மேலே தேதி இருந்தது.

ஆகஸ்ட் 19.

இது ஜூலை. சரி, இது பழைய பிரதியாக இருக்கும், புதியது கீழே இருக்கும் என்று கீழே இறக்கிப் பார்த்தாள். கீழே ஒன்றுமில்லை. மேலே ஏற்றினாள். பக்கத்தை மூடித் திறந்தாள். லேப்டாப்பையே அணைத்துப் போட்டாள். ஆகஸ்ட் 19. ஏற்பாடு செய்துகொடுக்க வந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் தடவை ஏற்றிக் காட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு ஒரு ஃபைல் கூட ஏறவில்லை. பூட் மட்டுமல்ல, பதினொரு மாத வேலை எதுவும் அங்கே இல்லை.

இவாஞ்சலின் லேப்டாப்பை மூடினாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். சாம்பிள் தோலை வெட்டிக்கொண்டிருந்த ரோஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா, வந்துடுச்சா?"

"வருது அத்தை. நெட்டு ஸ்லோவா இருக்கு."

பொய். கல்யாணமாகி வந்த ஏழு வருஷத்தில் மாமியாரிடம் அவள் சொன்ன பொய்கள் கம்மி. சொல்லும் அளவுக்குப் பேச்சே இருந்ததில்லை என்பதுதான் காரணம்.

கிளவுட் கம்பெனியின் சென்னை ஹெல்ப்லைனில் தமிழினி என்ற பெண் எடுத்தாள். பொறுமையான பெண். இவாஞ்சலின் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள்.

"மேடம், உங்க பேக்கப் டைம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணின்னு செட் ஆகியிருக்கு. கரெக்டா?"

"கரெக்ட். எங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. அன்னிக்கித்தான் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்."

ஆம்பூரில் பெரிய கம்பெனிகள் பலவற்றுக்கும் வார லீவு வெள்ளிதான். அவற்றை நம்பி இருக்கும் சின்ன யூனிட்டுகளும் அன்றைக்கே மூடும். ரோஸ் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை முதல் ஆராதனை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு வேலைக்கு வருகிறவர்கள். வேலை நாளில் ஃபைல் ஏறினால் நெட் இழுக்கும், கம்ப்யூட்டர் திணறும். அதனால் வெள்ளிக்கிழமை வையுங்கள் என்று சொன்னது இவாஞ்சலினேதான்.

"மேடம், அந்த டைமுக்கு உங்க கம்ப்யூட்டர் ஆன்ல இல்ல."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"எல்லா வெள்ளிக்கிழமையும். நாப்பத்தாறு வாரம்."

"இருக்கவே முடியாதும்மா. நான் கம்ப்யூட்டரை ஆஃப் பண்றதே கெடையாது. வியாழக்கிழமை மானிட்டரை மட்டும் அணைச்சிட்டுப் போவேன். சனிக்கிழமை காலைல வந்தா ஓடிட்டுத்தான் இருக்கும். நான் என் கண்ணால பாக்கறேன்."

"இங்க அப்படிக் காட்டலையே மேடம்."

"ஏறலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" குரல் உயர்ந்துவிட்டது. ரோஸ் திரும்பிப் பார்ப்பது தெரிந்து வாசலுக்குப் போய்ப் பேசினாள்.

"அலர்ட் போயிருக்கும் மேடம், ரெஜிஸ்டர் பண்ண மெயிலுக்கு. நான் பழைய ரெக்கார்டு எல்லாம் எடுத்துப் பார்த்துட்டு சாயங்காலம் கூப்பிடறேன். பூட் ஃபைல் எங்ககிட்ட கண்டிப்பா இல்ல. சாரி மேடம்."

ரெஜிஸ்டர் செய்த மெயில் ஜோவினுடையது. லைசென்ஸ் அவன் பெயரில் இருப்பதால் அவன் மெயில். அவன் அப்போது வேலூரில் இருந்தான். கருகின டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு, ஃபைல் மீட்டுத் தரும் கடைக்குப் போகிறேன் என்று காலை பஸ்ஸுக்கே கிளம்பியிருந்தான். இவாஞ்சலின் அவனுக்குப் போன் போட்டாள்.

"இன்னாங்க, பேக்கப் ஏறலைன்னு உங்களுக்கு மெயில் எதுனா வந்துச்சா?"

ஜோவின் சட்டென்று எரிந்து விழுந்தான்.

"எனக்கு ஒரு நாளைக்கி நூறு மெயில் வருது. நான் இன்னா கண்டேன்?"

"கிளவுட்ல ஒண்ணுமே இல்லீங்க." வாசற்படியில் உட்கார்ந்தாள். "பூட் இல்ல. அந்த டிஸ்க் ஒண்ணுதான் இப்ப இருக்குது. கடைக்காரன் இன்னா சொன்னான்?"

"பாத்துட்டிருக்கான். சொல்றேன் இரு."

மத்தியானம் வரை அவன் சொல்லவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டை இவாஞ்சலின் திறக்கவில்லை. இரண்டு மணிக்கு இஷ்தியாக் அகமதுவிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது. அவள் கட்டை விரலை உயர்த்தும் படத்தைத் திருப்பி அனுப்பினாள். அனுப்பிய பிறகு தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மூன்று மணிக்கு ஜோவின் கூப்பிட்டான்.

"அது ஆகாதாம். உள்ள போர்டு, சிப்பு எல்லாம் எரிஞ்சு போச்சாம்."

"சென்னைக்கி அனுப்பினா?"

"ஆகாதுன்னு சொல்றான் இல்ல? சும்மா பேஜார் பண்ணாத இவா. போனது போச்சு, விடு."

விடு. நாலு மாத உழைப்பை இவ்வளவு லேசாக ஒரு மனுஷன் விடச் சொல்கிறானே என்று அவளுக்குக் கோபம் வந்தது. அலுப்பில் பேசுகிறான் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டாள். புருஷனைச் சந்தேகப்படும் பழக்கம் அவளுக்கு இல்லை.

ஐந்து மணிக்கு, சாம்பிள் தைக்கிற பூங்குழலி பையை எடுத்தாள்.

"அக்கா, நான் கெளம்பறேன். மாதனூர் பஸ் போய்டும். நாளைக்கி லீவுதானே?"

"லீவுதாம்மா. சனிக்கிழமை வா," என்றாள் ரோஸ்.

வழக்கமாக வியாழக்கிழமை நாலு மணிக்கே இவாஞ்சலின் கிளம்பிவிடுவாள். சர்ச்சில் குவயர் பிராக்டிஸ். ஜோவின் வியாழக்கிழமைகளில் டெலிவரிக்குப் போய்விடுவான். கடைசியில் பூட்டிவிட்டு வருவது எப்போதும் ரோஸ்தான். இன்றைக்கு இவாஞ்சலினுக்குப் பாட்டுப் பாடும் நிலை இல்லை. லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து அந்த ஒரே தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரோஸ் ஜன்னல்களைச் சாத்தினாள். தோல் ஒட்டும் சொல்யூஷன் டின்களின் மூடியை ஒவ்வொன்றாக அழுத்தி மூடினாள். கத்தரிக்கோலை எண்ணி டப்பாவில் போட்டாள். கதவோரம் போனாள். கையைத் தூக்கினாள்.

கட்டக் என்று ஒரு சத்தம். லைட் அணைந்தது. நெட் டப்பாவின் சின்ன விளக்கும் அணைந்தது.

"கரண்ட் போய்டுச்சா?" என்று இவாஞ்சலின் நிமிர்ந்தாள்.

"இல்ல. நான்தான் மெயினை அமத்துனேன். நாளைக்கி லீவாச்சே."

இவாஞ்சலின் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"வாராவாரம் அமத்துவீங்களா அத்தை?"

"பின்ன? ரெண்டு வருஷம் முந்தி பக்கத்து ஷூ சோல் கம்பெனி வெள்ளிக்கிழமைதான எரிஞ்சுது? ஆளில்லாத நேரம், ஷார்ட் சர்க்யூட். ஒருத்தரும் பாக்கல. நம்மகிட்ட இத்தனை டின் சொல்யூஷன் இருக்குது. எனக்கு அதுலேருந்து பயம்."

"யூபிஎஸ் இருந்துச்சே? மெயினை அமத்துனா அது..."

"கீ கீன்னு கத்திட்டே கெடக்கும். அதையும் அமுக்கிட்டுத்தான் போவேன்."

"சனிக்கிழமை நான் வர்றப்ப கம்ப்யூட்டர் ஓடிட்டு இருக்குமே?"

ரோஸ் கொஞ்சம் கூச்சப்பட்டாள். "நான் எட்டு மணிக்கே வந்துடறேன் இல்ல? எல்லாத்தையும் போட்டுட்டு உன் கம்ப்யூட்டர் பட்டனையும் அமுக்கி வெச்சிடுவேன். அது எழுந்து வர்றதுக்கு நேரம் ஆவுது. நீ வந்ததும் உக்காந்து வேலை செய்யலாமேன்னு."

ஏதோ சத்தம் போட்டுக் கத்த வேண்டும் என்று இவாஞ்சலினுக்கு இருந்தது. யாரைத் திட்டுவது? நாற்பத்தாறு வாரம் தன் நாற்காலிக்கு முன்னால் வந்து தனக்காகப் பட்டனை அழுத்திவிட்டுப் போன மாமியாரையா? அவளுக்கு அழுகைதான் வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"இன்னாம்மா? இன்னா ஆச்சு? அழாம சொல்லு."

சொன்னாள். வெள்ளிக்கிழமை பத்து மணி, நாற்பத்தாறு வாரம், ஆகஸ்ட் 19, எல்லாவற்றையும் சொன்னாள். நெட் ஸ்லோ என்று காலையில் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னாள்.

ரோஸ் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான்தான் அழிச்சேனா?"

"அழிக்கல அத்தை. ஏறவிடல, அவ்ளோதான். ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல, மெயினை அமத்தறேன்னு?"

"நீ ஏன் சொல்லல, வெள்ளிக்கிழமை மெஷின் ஓடணும்னு?"

இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே பாத்திரத்திலிருந்து சோறு போட்டுச் சாப்பிடுகிறவர்கள். குழம்பில் உப்பு கம்மி, துணி காயவில்லை, மருந்து தீர்ந்துவிட்டது, இவ்வளவுதான் அவர்கள் பேச்சு. சாவி வைத்திருப்பவள் சாவியைப் பற்றி மருமகளிடம் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வைத்திருப்பவள் கம்ப்யூட்டரைப் பற்றி மாமியாருக்கு என்ன புரியும் என்று விட்டுவிட்டாள். ஏறியிருக்கிறதா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் திறந்து பார்த்திருந்தால் போதும். அதையும் செய்யவில்லை. இவாஞ்சலின் இதை மனசுக்குள் ஒப்புக்கொண்டாள்.

ரோஸ் எழுந்தாள். மெயினை மேலே தள்ளினாள். லைட் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள்.

"யாருக்கு அத்தை?"

"இஷ்தியாக் பாய்க்கி. நீ சொன்னா சின்னப்பொண்ணு தப்புன்னு ஆவும். நான் சொல்றேன்."

"வேணாம் அத்தை, நான்..."

அதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. இஷ்தியாக் அகமது எடுத்ததும் ரோஸ் சுற்றி வளைக்கவில்லை.

"பாய், நான் ரோஸ். பூட் ஃபைல் போய்டுச்சு. கிளவுட்லயும் இல்ல. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் மெயினை அமத்திட்டேன், அதனால ஏறல. மருமக மேல தப்பு இல்ல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"ரோஸம்மா, காலைல அந்தப் பொண்ணு சேஃபுன்னு சொல்லிச்சே! மத்தியானம் கூட கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச்சு. அதை நம்பி நான் மேல சொல்லிட்டேன்."

"தெரியும் பாய். கடைசி ட்ரையலுக்கு நான் தோல் வெட்டுன அட்டை என்கிட்ட இருக்குது. முப்பத்தெட்டாம் சைஸ், ஒரு பீஸ் கொறையாம இருக்குது. அதை வெச்சு மறுபடி போட்டுக் குடுக்கறோம்."

இவாஞ்சலின் தலை நிமிர்ந்தது. அட்டை! அது அவளுக்கு நினைவே இல்லை. ட்ரையல் முடிந்தால் அட்டையைக் குப்பையில் போடுவதுதான் வழக்கம். ரோஸ் போடவில்லை. அட்டையை அளந்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அந்த ட்ரையலுக்குப் பிறகு ஸ்கிரீனில் செய்த திருத்தம் ஒன்றே ஒன்று, கணுக்கால் பக்கம் மூன்று மில்லிமீட்டர், அது அவளுக்கு மனப்பாடம். பிறகு மற்ற சைஸ்களைப் பிரிக்க வேண்டும். இடைவிடாமல் உட்கார்ந்தால் ஒரு முழு நாள் வேலை.

"நாளைக்கி உங்களுக்கு லீவாச்சே," என்றார் இஷ்தியாக் அகமது.

"எங்களுக்கு இல்ல."

"சரி. சனிக்கிழமை பத்து மணி. அதுக்கு மேல என் கையில இல்ல ரோஸம்மா."

போனை வைத்ததும் ரோஸ் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இவாஞ்சலின் எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷத்தில் இது முதல் தடவை. இருவருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

"ஜோவினை புது கம்ப்யூட்டரோட வரச் சொல்லு. அது வந்தா இப்பவே ஆரம்பிச்சிடலாம்," என்றாள் ரோஸ்.

இவாஞ்சலின் போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது. தமிழினி.

"மேடம், ரெக்கார்டு பாத்துட்டேன். உங்க அக்கவுண்ட்ல 'அறிவிப்புகள்'னு ஒரு பகுதி இருக்கும். அதைத் திறந்து பாருங்க. நாங்க அனுப்புன அலர்ட் எல்லாம் அங்க இருக்கு. இருபத்தொம்பது அனுப்பியிருக்கோம்."

"நாப்பத்தாறு வாரம்னு சொன்னீங்க?"

"இருபத்தொம்பதுக்கு அப்புறம் அனுப்பல மேடம். அனுப்ப வேணாம்னு உங்க பக்கத்துலேருந்து சொல்லியிருக்காங்க. அதுவும் அங்கேயே இருக்கு."

இவாஞ்சலின் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வரிசையாக வெள்ளிக்கிழமைகள். 'உங்கள் பேக்கப் நடக்கவில்லை. கம்ப்யூட்டர் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும்.' ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'படிக்கப்பட்டது' என்று இருந்தது. அனுப்பிய அன்றைக்கே படிக்கப்பட்டது. இருபத்தொன்பதும்.

எனக்கு ஒரு நாளைக்கி நூறு மெயில் வருது, நான் இன்னா கண்டேன்?

கடைசியில் ஜோவின் அனுப்பிய பதில் இருந்தது. இங்கிலீஷில் இரண்டே வரி. தேதி மார்ச் 7, சனிக்கிழமை, பகல் பதினொன்றே கால்.

மார்ச் 7. அன்றைக்குக் காலையில்தான் பூட் ஆர்டர் வந்தது. ஜோவின் எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கிவந்து கொடுத்தான். இவாஞ்சலின் வாயில் முதல் துண்டை ஊட்டியவனும் அவன்தான். அதற்குப் பிறகு எத்தனை நிமிஷம் கழித்து இதை எழுதினான்?

"இன்னா போட்டிருக்குது?" ரோஸ் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். ரோஸுக்கு வேதாகமம் கடகடவென்று வாசிக்க வரும், இங்கிலீஷ் வராது.

ஒன்றுமில்லை அத்தை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் எதுவும் வராது. ஆனால் நான்தான் அழித்தேன் என்று நினைத்துக்கொண்டே இந்த அம்மாள் மிச்சக் காலத்தைக் கழிப்பாள். சற்று முன்னால் மருமகள் மேல் தப்பு இல்லை என்று சொன்ன குரல் இன்னும் அந்த அறையில் இருந்தது.

"அத்தை, நீங்க மெயினை அமத்துனது உங்க புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கலாம், தெரியாம இருக்கலாம். ஆனா ஃபைல் ஏறலைன்னு அவருக்கு மொத வாரத்துலேருந்து தெரியும்."

"இன்னா சொல்ற?"

இவாஞ்சலின் அந்த இரண்டு வரிகளைத் தமிழில் வாசித்தாள்.

"'இனிமேல் இந்த அலர்ட்டுகளை அனுப்ப வேண்டாம். யூனிட்டை மூடப்போகிறோம், இந்த ஃபைல்கள் எங்களுக்குத் தேவைப்படாது.'"

ரோஸ் மறுபடி வாசிக்கச் சொன்னாள். இவாஞ்சலின் மறுபடி வாசித்தாள். மூன்றாவது தடவை ரோஸ் கேட்கவில்லை. போனை எடுத்து மகனுக்குப் போட்டாள். ஸ்பீக்கரை அவளே அழுத்தினாள்.

"ஜோவினு, எங்க இருக்க?"

"வேலூர்லதாம்மா. பஸ் ஏறப் போறேன்."

"கம்ப்யூட்டர் வாங்கிட்டியா?"

"அது இன்னாத்துக்கும்மா இப்ப? சனிக்கிழமை பாத்துக்கலாம்."

"நாளைக்கி வேணும். என்கிட்ட அட்டை இருக்குது. நானும் இவாவும் நாளைக்கி வேலை செய்யறோம். காலைல ஆறு மணிக்கே யூனிட்டைத் தொறந்துடுவோம்."

பஸ் ஹார்ன் சத்தம் கேட்டது. கண்டக்டர் ஊர் பெயர் கூவுவது கேட்டது.

"ஜோவினு?"

"நாளைக்கி வேணாம்மா."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா விடேம்மா. நாளைக்கி நீங்க ரெண்டு பேரும் அங்க போகாதீங்க."

"காரணத்தைச் சொல்லுடா."

மூச்சை இழுத்து விடுவது கேட்டது. சின்ன வயதில் தப்பு செய்துவிட்டு ஒப்புக்கொள்ளும் முன்னால் அவன் அப்படித்தான் மூச்சு விடுவான். ரோஸ் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வெலைக்கிக் கேட்டு இடத்தைப் பாக்க ஆளுங்க வர்றாங்கம்மா. மெஷினு, ரேக்கு எல்லாத்தையும் பாக்கணும்னாங்க." குரல் இறங்கிவிட்டது. "வெள்ளிக்கிழமைன்னா நீங்க யாரும் இருக்க மாட்டீங்கன்னுதான் நாளைக்கி வரச் சொன்னேன்."

இவாஞ்சலின் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரோஸ் அழவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு கம்ப்யூட்டருக்காக அழுதவள், இப்போது அழவில்லை.

"எத்தனை மணிக்கி வர்றாங்க?"

"அம்மா, நான் வந்து எல்லாத்தையும் சொல்..."

"மணியைக் கேட்டேன்."

"பதினொண்ணு."

"வரச் சொல்லு. உங்கப்பன் போட்ட கதவை நானே தொறந்து காட்டறேன்," என்று சொல்லி ரோஸ் போனை வைத்தாள். பிறகு ரேக்கின் அடித்தட்டிலிருந்து அட்டைக் கட்டை இழுத்து மேசை மேல் வைத்தாள். கயிற்று முடிச்சு இறுகிக் கிடந்தது, அவளால் அவிழ்க்க முடியவில்லை. இவாஞ்சலின் வாங்கி அவிழ்த்தாள்.